முதல் க்ரூஸர்: உட்கார்ந்து, உருட்டி, ஓட்டிப் பார்த்த பிறகு

நடுத்தர க்ரூஸர்களில், அதாவது சீட் தாழ்ந்து உடல் நீண்ட பைக்குகளில், புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு எது சரி என்று யாராவது கேட்டால், என் பதில் இரண்டு வண்டிகளோடு நின்றுவிடும்: ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, ஹோண்டா ரெபெல் 500. நான் எடுத்தது மீட்டியோர். ரெபெலை விட்டதற்குக் காரணம் வண்டியிடம் இல்லை, எனக்கு இருக்கிற வேலைகள் அப்படி. இவற்றோடு கவாசாகி எலிமினேட்டர், கவாசாகி வல்கன் எஸ், ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 மூன்றையும் பார்த்தேன். மூன்றும் நல்ல வண்டிகள்தான். ஆனால் நல்ல வண்டி வேறு, முதல் வண்டி வேறு.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். க்ரூஸரைப் பொறுத்தவரை யார் உட்காருகிறார் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. என் உயரம் 157 செ.மீ. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. இத்தனை வருடமும் ஓட்டியது கியர் இல்லாத ஸ்கூட்டர். கியர் வண்டியைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முறையாகக் கற்றுக்கொண்டேன். வண்டி பார்க்கக் கூடவே வந்தவன் அக்கா மகன். பைக் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "சித்தி, நம்பரை எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க ஏறி உக்காந்து பாருங்க" என்று முதலிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டான். நம்பருக்கும் உட்கார்ந்து பார்ப்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

க்ரூஸர் என்றதும் எல்லோரும் எடுத்த எடுப்பில் பேசுவது சீட் உயரத்தைத்தான். ரெபெல் 690 மி.மீ., வல்கன் 705, எலிமினேட்டர் 735, சூப்பர் மீட்டியோர் 740, மீட்டியோர் 765. இந்த வரிசையை மட்டும் பார்த்தால் நான் எடுத்த வண்டிக்குத்தான் கடைசி இடம். ரெபெலில் ஏறினால் இரண்டு பாதமும் தரையில் அப்படியே படிந்து, முழங்கால் மடங்கியும் இருந்தது. மீட்டியோரில் இரண்டு காலையும் ஊன்றினால் குதிகால் கொஞ்சம் எழும்பும். இடது காலை மட்டும் ஊன்றினால் முழுப் பாதமும் படியும். சிக்னலில் நிற்கும்போது இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கின் மேல் என்பதுதான் எனக்குச் சொல்லித்தந்த முறை. அந்தக் கணக்குக்கு இது தாராளம்.

அந்த மி.மீ. கணக்கில் வராத ஒன்று, கால் கீழே இறங்குகிற இடத்தில் என்ன இருக்கிறது என்பது. ரெபெலில் கால் வைக்கும் கட்டை கிட்டத்தட்ட உடம்புக்கு நேர் கீழே இருக்கிறது. ஓட்டும்போது அது வசதி. ஆனால் நின்ற இடத்தில் காலால் உந்தி வண்டியை நகர்த்தும்போது கெண்டைக்கால் அதில் போய் இடிக்கிறது. மீட்டியோரில் கட்டை கொஞ்சம் முன்னால் தள்ளி இருப்பதால் கால் தடையில்லாமல் இறங்குகிறது. சீட்டின் அகலமும் அப்படித்தான். அகலமான சீட் தொடையை விரித்துவிடும், விரித்த அளவுக்குக் கால் எட்டுவது குறையும். எனவே கால் எட்டுகிறதா என்பதை எப்போதும் போடுகிற ஷூவோடு, வண்டியை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற வண்டியில் ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் எல்லா வண்டியும் எட்டும்.

எடை விஷயத்துக்கு வருவோம். என் கணக்கில் முழு மதிப்பெண்ணும் இங்கேதான். மீட்டியோரும் ரெபெலும் 191 கிலோ. எலிமினேட்டர் 176. வல்கன் 230 கிலோவுக்குப் பக்கத்தில். சூப்பர் மீட்டியோர் 241. இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியிலும் நான் மூன்று காரியம் செய்து பார்த்தேன். சைடு ஸ்டாண்டில் இருந்து நிமிர்த்துவது, உட்கார்ந்தபடி காலால் பின்னுக்குத் தள்ளுவது, இறங்கி இடது பக்கம் நின்று ஹேண்டிலைப் பிடித்தபடி உருட்டி ஒரு அரைவட்டம் போடுவது.

நிமிர்த்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஹேண்டிலை நேராக்க வேண்டும், முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு கையால் இழுக்காமல் இடுப்பையும் தொடையையும் கொடுத்து உந்த வேண்டும். ஹேண்டில் இடது பக்கம் திரும்பிய நிலையிலேயே தூக்கப் போனால் எடை இரண்டு மடங்கான மாதிரி தோன்றும். இந்த முறையில் செய்தபோது ரெபெல் மெத்தென்று எழுந்து நின்றது. அதே 191 கிலோ மீட்டியோர் கொஞ்சம் அடம் பிடித்தது. 15 லிட்டர் டேங்க் மேலே உட்கார்ந்திருக்கிறது, வண்டியும் உயரம். நிறைகுடத்தை இடுப்பில் வைப்பதற்கும் தலைக்கு ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டும் ஒரே எடை என்று தாளில் எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பின்னுக்குத் தள்ளுவதில்தான் சூப்பர் மீட்டியோர் எனக்கு விடை கொடுத்தது. சமதளத்தில் சரி, நகர்ந்தது. தரை லேசாக, கண்ணுக்கே தெரியாத அளவு, முன்பக்கம் சரிந்திருந்த இடத்தில் என்னால் அதை ஒரு அடி பின்னே கொண்டுவர முடியவில்லை. பாதம்தான் வழுக்கியது. அக்கா மகன் பின்னால் இருந்து பிடித்து இழுத்தான். வண்டி நிற்கிற எல்லா இடத்திலும் அக்கா மகன் இருக்கப் போவதில்லை. மூக்கு கீழே பார்க்கிற மாதிரி சரிவில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது, பின்புறமாக உள்ளே விட்டு, ஏறுமுகமாக, முதல் கியரில் போட்டு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். அது எப்போதும் நம் கையில் இருப்பதில்லை. பக்கத்து வண்டிக்காரர் எப்படி நிறுத்தியிருக்கிறாரோ அப்படித்தான் நமக்கு இடம் கிடைக்கும்.

ஒரு ஷோரூமில் இந்தச் சோதனையையே வேண்டாம் என்றார்கள். எந்த ஷோரூம், எந்த வண்டி என்பதெல்லாம் வேண்டாம். "மேடம், கால்தான் எட்டுதே, அப்புறம் எதுக்கு உருட்டிப் பாக்கணும்? ஓட்டும்போது வெயிட்டே தெரியாது" என்றார் விற்பனையாளர். ஓட்டும்போது தெரியாது என்பது உண்மைதான். வண்டி ஓடத் தொடங்கியதும் சக்கரங்கள் சுழன்று, ஹேண்டில் தானாகவே சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டு நேராகப் போகும். 241 கிலோவும் காற்றில் கரைந்துவிடும். ஆனால் புது ஓட்டுநர் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் ஓடும்போது இல்லை. நிற்கப் போகிற கடைசி நொடியில், திரும்பிப் பார்த்துக்கொண்டே கால் ஊன்றுகிற இடத்தில் கல்லோ பள்ளமோ இருக்கும்போது, பார்க்கிங்கில் இருந்து எடுக்கும்போது. வண்டி நேராக இருக்கும் வரை எடை சக்கரத்துக்கு. சில டிகிரி சாய்ந்துவிட்டால் அது நம் காலுக்கு. சாய்வு கூடக்கூடப் பாரம் மளமளவென்று ஏறும். ஒரு அளவுக்கு மேல் போனால் யாராலும் பிடிக்க முடியாது, விட்டுவிட்டு விலகுவதுதான் காலுக்கு நல்லது.

அதே ஆள் இன்னொரு யோசனையும் சொன்னார். கால் எட்டாவிட்டால் பின் சஸ்பென்ஷனை இறக்கித் தருவார்களாம், இல்லாவிட்டால் சீட்டில் ஃபோமை வெட்டித் தருவார்களாம். க்ரூஸரில் சஸ்பென்ஷனுக்கு இருக்கிற இடமே கொஞ்சம். அதையும் இறக்கினால் வேகத்தடையில் அடி தட்டும், வளைவில் கால் கட்டை சீக்கிரமே உரசும். வண்டி இறங்கியும் சைடு ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருந்தால், போதுமான சாய்வு இல்லாமல் நிமிர்ந்து நின்று, ஒரு தட்டுத் தட்டினால் மறுபக்கம் விழும். ஃபோமை வெட்டினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலி சொல்லும். எட்டாத வண்டியை வெட்டி எட்ட வைப்பதைவிட எட்டுகிற வண்டியைத் தேடுவது மேல். இந்த வகையில் வல்கனுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. கால் கட்டையை நடு நிலையில் இருந்து 25 மி.மீ. முன்னேயோ பின்னேயோ மாற்றி வைக்க இடம் விட்டே செய்திருக்கிறார்கள். உடம்புக்கேற்ற சீட்டும் ஹேண்டில்பாரும் கம்பெனியே தருகிறது. குட்டையானவர், நெட்டையானவர் இருவரையும் மனதில் வைத்து வடிவமைத்த வண்டி அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் முன்சக்கரம் அவ்வளவு தூரம் முன்னால் இருக்கிற, இரண்டு சக்கரத்துக்கும் இடையில் 1575 மி.மீ. நீளமுள்ள வண்டியை ஒரு சின்னத் தெருவில் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. எடுக்க நினைத்தால் கவாசாகி ஆட்களிடம் கட்டையைப் பின்னுக்கு மாற்றச் சொல்லி, அதற்குப் பிறகு ஓட்டிப் பாருங்கள். மாற்றாமல் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது அந்த வண்டிக்குச் செய்கிற அநியாயம்.

சரி, இன்ஜினை ஸ்டார்ட் செய்வோம்.

புதிதாகக் கியர் வண்டி ஓட்டுகிறவருக்குக் குதிரைத்திறன் எவ்வளவு என்பது முதல் சில மாதத்துக்குத் தேவையே இல்லாத கேள்வி. கிளட்ச்சை விடும்போது வண்டி என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. இதில் மீட்டியோரை அடிக்க மற்ற வண்டிகளால் முடியவில்லை. காரணம் மூடுமந்திரம் ஒன்றும் இல்லை. அதன் 349 சிசி ஒற்றை சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மி.மீ. நீளமான ஏற்ற இறக்கம் கொண்ட இன்ஜின், குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும். 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க், சுழற்றும் விசை) நிமிடத்துக்கு 4000 சுழற்சியிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. எலிமினேட்டர் இதற்கு நேர் எதிர். 451 சிசி, இரண்டு சிலிண்டர், விட்டம் 70, ஏற்ற இறக்கம் 58.6. அது மேலே சுற்றச் சுற்ற உற்சாகமாகிற ஜாதி. ரெபெலின் 471 சிசி இன்ஜினில் விட்டமும் ஏற்ற இறக்கமும் கிட்டத்தட்ட சமம், 67-க்கு 66.8. அதன் முழு முறுக்குவிசை 6000 சுழற்சியில்தான் வரும். ஆனால் கீழேயும் அது சோர்ந்துவிடவில்லை.

நான் செய்து பார்த்தது இது. காலி மைதானத்தில் முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாமல், கிளட்ச்சை மட்டும் மெதுவாக விட்டேன். இடது கையின் நான்கு விரலும் லீவரில், கண் பத்தடி தள்ளி. மீட்டியோர் ஒரு முனகல் முனகிவிட்டு நடைவேகத்தில் போகத் தொடங்கியது. முழுக் கிளட்ச்சையும் விட்ட பிறகும் அணையவில்லை, டுக் டுக் என்று அதுபாட்டுக்குப் போனது. ரெபெலிலும் எலிமினேட்டரிலும் கிளட்ச் பூப்போல இருந்தது, ஒரு விரலே போதும். ஆனால் கடைசியில் விடும்போது ஒரு சொட்டு ஆக்சிலேட்டர் கேட்டன. பழகிய கைக்கு அந்தச் சொட்டு ஒரு விஷயமே இல்லை. பழகாத கையில் அது சொட்டாக வராது, கொட்டும். ரெபெல் சுமார் 46 குதிரைத்திறன், மீட்டியோர் 20. கொட்டினால் மீட்டியோர் கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான்.

வேகத்தைக் குறைத்து ஓட்டுவதுதான் க்ரூஸரில் கஷ்டமான பாடம். இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய், சாய்ந்து நீண்டிருப்பதால் (ரெபெலில் 28 டிகிரி, வல்கனில் 31) நேர் ரோட்டில் வண்டி அசைந்து கொடுக்காமல் போகும். அதே குணம் யூ-டர்னில் நமக்கு எதிராகத் திரும்பும், ஹேண்டில் உள்பக்கமாக விழப் பார்க்கும். மூன்று விஷயம் பழக்கத்துக்கு வந்தால் இது அடங்கிவிடுகிறது. பாதிக் கிளட்ச்சிலேயே வண்டியை வைத்திருப்பது, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி அதற்கு எதிராக இன்ஜினை இழுக்க விடுவது, போக வேண்டிய இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்ப்பது. கீழே பார்த்தால் கீழேதான் போவோம். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்கவே கூடாது. நடைவேகத்தில் முன் பிரேக் பிடித்தால், வண்டி திரும்பிய பக்கமே சொத்தென்று சாயும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் இங்கே உதவிக்கு வராது.

ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் வெளிப்பக்கக் கை எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். கை நீளம் குறைவான எனக்கு சூப்பர் மீட்டியோரில் இடது பக்கம் முழுக்க ஒடித்தால் வலது கைப்பிடி தப்பித்து ஓடுவதுபோல் இருந்தது, உடம்பே கூடச் சாய்ந்தது. மீட்டியோரில் முழங்கை கொஞ்சம் மடங்கியே இருந்தது. கால் எட்டாததைப் பற்றிப் பேசுகிற யாரும் கை எட்டாததைப் பற்றிப் பேசுவதில்லை.

ரோட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. சூப்பர் மீட்டியோரை எனக்காக அக்கா மகன் கொஞ்சம் ஓட்டினான், பிறகு அகலமான நேர் சாலையில் நானும் ஓட்டினேன். எண்பதைத் தாண்டியதும் அந்த 648 சிசி இரட்டை சிலிண்டர் காட்டுகிற அமைதி மீட்டியோருக்கு வராது. 47 குதிரைத்திறன் என்பது பெரிய எண் இல்லை, ஆனால் 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இருப்பதால் கியரை மாற்றாமலே முந்திப் போகலாம். இறங்கியதும் அவன் கேட்டான்: "சித்தி, இதையே எடுத்துட்டா என்ன? ஒரு வருஷத்துல எப்படியும் பெருசு கேக்கப் போறீங்க." கேட்கலாம். அதற்குள் எனக்கு ஒரு வருடப் பழக்கம் இருக்கும் இல்லையா?

இது பயந்து சொல்கிற பேச்சு இல்லை. 1981-இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் வெளிவந்த மோட்டார் சைக்கிள் விபத்து ஆய்வு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த சுமார் 900 விபத்துகளை நேரில் போய்ப் பார்த்து எழுதியது. அதில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. ரோட்டில் வண்டி ஓட்டிய மொத்த அனுபவமோ சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று வருடம். பழைய ஆய்வுதான், ஆனால் எனக்கு அது உறைத்தது. ஓட்டத் தெரிந்தவருக்கே புது வண்டியின் எடையும் பிரேக்கும் கைக்கு வர மாதக்கணக்காகிறது என்றால், ஓட்டவே புதிதான நான் அந்த மாதங்களை எந்த வண்டியில் கழிப்பது? ஐரோப்பாவில் இதையே சட்டமாக வைத்திருக்கிறார்கள். இடைநிலை பைக் உரிமமான ஏ2-வில் 35 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 47 குதிரைத்திறனுக்கு மேல் ஓட்டக் கூடாது. ரெபெல், எலிமினேட்டர், சூப்பர் மீட்டியோர் மூன்றும் 45-க்கும் 47-க்கும் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்து இது என்ன ஒற்றுமை என்று யோசித்தேன். இந்த வரம்பை வைத்துப் பார்த்தால் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் சக்திக்குத்தான் வரம்பு போடுகிறது, எடைக்கு அல்ல. 241 கிலோ வண்டியும் தாராளமாக உள்ளே வந்துவிடும்.

பிரேக் பற்றிச் சுருக்கமாக. க்ரூஸர் நீளமாகவும் தாழ்வாகவும் இருப்பதால் பிரேக் போடும்போது எடை முன்னால் பாய்வது குறைவு, அதனால் பின் பிரேக்குக்கு மற்ற வண்டிகளைவிடக் கொஞ்சம் கூடுதல் பிடி உண்டு. அதற்காக முன் பிரேக்கை மறந்துவிடக் கூடாது. பெரும்பங்கு வேலை அங்கேதான் நடக்கிறது. மீட்டியோரில் முன்னால் 300, பின்னால் 270 மி.மீ. டிஸ்க். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், ஒற்றைச் சக்கர ஏபிஎஸ்ஸில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

பள்ளம் மேடு விஷயத்தில் எந்த க்ரூஸரும் உத்தமன் இல்லை. சாதாரண பைக்கில் வேகத்தடையைப் பார்த்தால் கட்டையில் அழுத்தி லேசாக எழுந்துகொள்வோம். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருக்கிறது, எழ முடியாது. வருகிற அடியை முதுகுத்தண்டு அப்படியே வாங்கிக்கொள்ளும். பின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகிற தூரமும் குறைவு, சூப்பர் மீட்டியோரில் 101 மி.மீ.தான். நெடுஞ்சாலையில் ராஜாவாக இருந்தது, பெயர்ந்த ரோட்டில் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இந்த இடத்தில் மீட்டியோரின் 19 அங்குல முன்சக்கரமும் தரையில் இருந்து 170 மி.மீ. இடைவெளியும் கைகொடுக்கின்றன. பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் மேலேயே உருண்டுவிடப் பார்க்கும். ரெபெலில் இரண்டு சக்கரமும் 16 அங்குலம், முன்னால் 130 அகலத்தில் குண்டான டயர். பார்க்க அழகோ அழகு. சின்னப் பள்ளத்தை அந்த டயரே மெத்தை மாதிரி விழுங்கிவிடுகிறது, கூரான விளிம்புள்ள பள்ளத்தில் மட்டும் நங்கென்று இறங்குகிறது.

அப்படியானால் ரெபெலை ஏன் விட்டேன்? அம்மாவை அடிக்கடி பின்னால் உட்கார வைத்து அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. ரெபெலின் பின் சீட் என்பது மரியாதைக்கு வைத்த ஒரு திண்டு. தனியாகப் போகிறவருக்காக வரைந்த வண்டி அது, பின்னால் ஆள் என்பது பிறகு வந்த யோசனை. டேங்க் 11.2 லிட்டர், என் சுபாவத்துக்குப் பத்தாது. பெட்ரோல் பங்கைப் பார்த்தாலே உள்ளே திருப்ப வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்காது. இந்த இரண்டும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, தனி ஆள், குட்டையான உடம்பு, தினமும் நடுத்தரத் தூரம் என்றால் யோசிக்காமல் ரெபெல் எடுங்கள். கால் முழுசாகப் படிவது கொடுக்கிற தைரியம் சாதாரணம் இல்லை, மேலும் அந்த இன்ஜின் சீக்கிரம் சலிக்காது. ஆக்சிலேட்டரை மட்டும் ஆரம்பத்தில் மரியாதையோடு திருகுங்கள். எலிமினேட்டர் 15 கிலோ குறைவு, உருட்டுவதற்கு எல்லாவற்றையும்விட சுலபம். கொஞ்சம் கியர் வண்டி ஓட்டிய கை என்றால் அதுதான் இந்தக் கூட்டத்தில் கெட்டிக்காரத் தேர்வு. எனக்கு அதன் உட்காரும் நிலை க்ரூஸராகவும் இல்லாமல் சாதாரண பைக்காகவும் இல்லாமல் இரண்டும்கெட்டானாக இருந்தது. அக்கா மகன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

மீட்டியோரில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. தொண்ணூறு வரை சந்தோஷமாகப் போகும், நூறைத் தொட்டதும் அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே என்று சொல்லிவிடும். லாரியை முந்த வேண்டுமென்றால் முன்கூட்டியே கியரைக் குறைத்து, எதிரே வெகுதூரம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக் கிளம்ப வேண்டும். பாதி வழியில் மனம் மாறினாலும் கூட்டிக்கொள்ள அதனிடம் சரக்கு இல்லை. பின்னால் ஆள் ஏறினால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். பின் ஸ்பிரிங்கை ஆறு நிலைகளில் மாற்றலாம், ஆள் ஏற்றும் நாளில் இரண்டு படி கூட்டிக்கொள்கிறேன். கியர் லீவர் முன்னும் பின்னும் மிதிக்கிற வகை. செருப்புப் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது வசதி என்பார்கள். செருப்புப் போட்டு ஓட்டாதீர்கள் என்பது என் பதில்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த வசதி சென்டர் ஸ்டாண்டு. க்ரூஸர்களில் பலவற்றுக்கு அது கிடையாது. இந்த ஐந்துமே செயின் வண்டிகள், செயினுக்குச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் காட்ட வேண்டும், பின்சக்கரம் தரையில் இருந்து எழும்பி நின்றால் அது பத்து நிமிட வேலை. ஸ்டாண்டில் ஏற்ற என் உயரக்காரர்கள் பயப்படத் தேவையில்லை. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் ஒருசேரப் படுகிறதா என்று உணர்ந்துகொண்டு, வலது குதிகாலை அதன் மேல் வைத்து உடம்பின் முழு எடையோடு ஏறி நின்றால் வண்டி தானாகப் பின்னே எழும்பும். வலது கை வழிகாட்டத்தான், தூக்குவதற்கு அல்ல. கையால் தூக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் அடுத்த நாள் முதுகு பிடித்துக்கொள்கிறது.

வண்டியோடு வாங்க வேண்டியதில் முதல் இடம் ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடுகிற ஷூ. இரண்டாவது இன்ஜினைச் சுற்றி வருகிற லெக் கார்டு. நிற்கும்போது வண்டி சாய்ந்தால் காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு இடைவெளி வைக்கிற பொருள் அது ஒன்றுதான். பின்னால் சாய்ந்துகொள்ள பேக்ரெஸ்ட் அம்மாவுக்காகப் போட்டேன், போட்ட பிறகு என் தோளை அவர் அழுத்திப் பிடிப்பது குறைந்தது. ஹேண்டில்பார், சீட் எதையும் சில மாதங்களுக்கு மாற்றாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று உடம்பு சொல்லட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். சத்தம் கூட்டுகிற சைலன்சர் போடலாமா என்று அக்கா மகன் ஆரம்பித்தான். அதை அவன் தன் வண்டியில் போட்டுக்கொள்ளட்டும்.